முதலில் கை தூக்குபவள்

நாலு பேர் கூடின இடத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் முட்டாள் என்பது உலக வழக்கு. அந்த முட்டாள் வேலைக்கு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள் சுழி அக்கா. பதினோரு வருஷ சர்வீஸ். எதற்கும் பிள்ளையார் சுழி போடுகிறவள் என்பதால் நாடகக் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. கூப்பிட ஆள் இல்லாததால் அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

அந்தக் குழு நடத்தியது, பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகிற நாடகம் இல்லை. பாதிக் கதைதான் மேடையில் நடக்கும். ஒரு வீட்டுச் சண்டை முற்றி, இனி என்ன ஆகுமோ என்கிற இடத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் குறுக்கே வந்து "நிறுத்து" என்பார். நடிகர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். அவர் சபையைப் பார்த்து, "இவங்க வேற என்ன செஞ்சிருக்கலாம்? வாயால சொன்னாலும் சரி, மேல வந்து செஞ்சு காட்டினாலும் சரி" என்பார். மேலே வருகிறவர் ஒரு நடிகரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நின்று தனக்குத் தோன்றியதைப் பேசலாம். எதிரில் நிற்கும் நடிகர் அதற்குத் தக்கபடி பதில் சொல்வார். ஆட்களை இப்படி ஏற்றி இறக்குகிற வேலை பார்த்ததால் கறுப்புச் சட்டைக்காரருக்குக் குழுவில் 'கண்டக்டர்' என்று பட்டம்.

சபை என்ன லேசுப்பட்டதா? அடுத்த வீட்டுச் சண்டைக்கு ஆயிரம் தீர்ப்புச் சொல்கிறவர்கள், மரியாதையாக "வாங்க, சொல்லுங்க" என்று கூப்பிட்டால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஆரம்பித்துவிட்டால் போதும், பிறகு மைக்கைப் பிடுங்க முடியாது. அந்த ஒருவர்தான் சுழி அக்கா. "பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான். ஒரு சொட்டு. அப்புறம் அதுவா ஆகிடும்" என்பார் கண்டக்டர்.

கை தூக்குவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒருநாள் தூக்கிப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்ட உடனே தூக்கினால் ஏற்பாடு என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். மனசுக்குள் ஒன்பது எண்ண வேண்டும். ஏழில் நாற்காலிகள் கிறீச்சிடும், எட்டில் யாரோ இருமுவார்கள், ஒன்பதில் கை எழ வேண்டும். அதுவும் ஒரேயடியாக இல்லை. தலைமுடியை ஒதுக்குவதுபோல் பாதி தூக்கி, வேண்டாம் என்று இறக்கி, பிறகு மெதுவாக. பேசும்போது முதல் இரண்டு வார்த்தை தொண்டையில் சிக்கி, நடுவில் ஒரு சின்ன நடுக்கம் வர வேண்டும். முக்கியமான விஷயம், சொல்கிற பதில் கொஞ்சம் கோணலாக இருக்க வேண்டும். நல்ல பதில் சொன்னால் சபை ஊமையாகிவிடும். கோணல் பதில் சொன்னால் அதைத் திருத்த நாலு பேர் எழுந்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக ஊர் ஊராகப் போய், கொஞ்சம் விவரம் போதாதவள் என்று பெயர் வாங்குவதே அவள் பிழைப்பு.

உண்மையான கைகள் எழ ஆரம்பித்த பிறகு அவளுக்கு வேலை இல்லை. கண்டக்டர் தன் காதைத் தொட்டால் 'போதும், இறக்கு' என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவே கூடாது என்பது சட்டம். சபையின் நேரம் சபைக்கு.

இன்னொரு சட்டமும் உண்டு. நாடகம் போடும் ஊரில் குழுவில் யாருக்கும் அவளைத் தெரியாது. அவர்கள் வேனில் போவார்கள், அவள் பஸ்ஸில் போவாள். அவர்கள் ஒரு லாட்ஜ், அவள் வேறொரு லாட்ஜ். ஒரு ஊரில் அவளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மருந்துக்கடை வாசலில் கண்டக்டர் அவளைப் பார்த்தார், பார்க்காத மாதிரி கடந்து போனார். அவர் மேல் தப்பில்லை. அன்று சாயங்காலம் நாடகம் இருந்தது. அவளும் போய்க் கை தூக்கினாள்.

நாடகத்துக்குப் போகும்போது ஒரு காய்கறிப் பையை எடுத்துப் போவாள். சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவள் என்று தோன்ற வேண்டும். காய்கறிப் பை வைத்திருக்கும் பெண்மணி பொய் சொல்வாள் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தக் காயைச் சமைக்க அவளுக்கு எந்த ஊரிலும் அடுப்பு கிடையாது. லாட்ஜ் அறையில் கட்டிலில் உட்கார்ந்து கேரட்டைப் பச்சையாகக் கடித்துத் தின்பாள். மற்றதைப் பெருக்க வருகிற பெண்ணிடம் கொடுத்துவிடுவாள். சில இரவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குழு தங்கியிருக்கும் லாட்ஜ் எந்தத் திசையில் இருக்கிறது, இப்போது அங்கே யார் யாரைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசிப்பாள். இதையெல்லாம் தனிமை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "ஐநூறு பேருக்கு நடுவுல உக்காந்திருக்கேன், என்ன தனிமை?" என்பாள். சொல்லத்தான் ஆளில்லை.

கல்யாணம் ஆகி நாலே வருஷத்தில் அது முடிந்துபோனது. அம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். மிச்சம் இருப்பது ஒரே அண்ணன், அவர் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், லிஃப்ட் மெக்கானிக். அவரோடும் அந்த ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. பேசிக்கொண்டிருந்த காலத்திலும் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. "ஜனங்ககிட்ட கருத்துக் கேக்கற வேலைண்ணா" என்று சொல்லி வைத்திருந்தாள். முழுப் பொய்யும் இல்லை.

நடந்தது இதுதான். அம்மா மூன்று வருஷம் அண்ணன் வீட்டில் படுக்கையில் கிடந்தாள். இவள் போன் செய்யும்போதெல்லாம், "நல்லா இருக்காங்க, நீ உன் வேலையைப் பாரு" என்பார் அண்ணன். கடைசியில் எல்லாம் முடிந்த மறுநாள்தான் சேதி வந்தது. பெட்டியோடு வாசலில் போய் நின்றவள், உள்ளே இருந்த அத்தனை உறவுக்காரர்களும் கேட்கும்படி, "அம்மாவை நீங்க பாத்துக்கல, ஒளிச்சு வெச்சீங்க" என்றாள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவின் தாழ்ப்பாளை முடுக்க ஆரம்பித்துவிட்டார். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் எதையாவது கழற்றி மாட்டுவது அவர் சுபாவம். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த முதுகைப் பார்த்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

ஆறு மாதம் முன்பு புது நாடகம் தயாரித்தபோது, தொண்டையில் சிக்கிய ஒரு சண்டையை ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொன்னார் கண்டக்டர். அவள் முறை வந்தபோது, "எங்க பக்கத்து வீட்டுல ஒரு அண்ணன் தங்கச்சி" என்று ஆரம்பித்து இதைச் சொல்லிவிட்டாள். பெட்டி, வாசல், தாழ்ப்பாள், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சொன்னாள். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அதுவே நாடகம் ஆனது. அவளுக்கு எழுதிக் கொடுத்த கோணல் பதில் இது: "தங்கச்சி அண்ணன் கால்ல விழுந்துடணும். அவ்வளவுதான். பொறந்தவன் கால்ல விழறதுல என்ன குறைச்சல்?"

தன் வழக்கில் தானே பொய்ச் சாட்சி சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்! பன்னிரண்டு ஊரில் சொன்னாள். பன்னிரண்டு ஊரிலும் யாராவது கொதித்து எழுந்து, "அவ ஏன் விழணும்?" என்றார்கள். ஒரு கல்லூரிப் பெண் மேடையேறி அண்ணனைக் கட்டிப்பிடித்தாள். ஒரு மளிகைக்கடைக்காரர் அண்ணனாக வந்து, பேச்சே வராமல் அழுதுவிட்டு இறங்கினார். யார் யாரோ அவள் வாழ்க்கையைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். ஐந்தாவது வரிசையில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் கேட்டாள். எதுவும் அவளுடையதாக இல்லை. என்ன சொல்வது என்று தெரிந்திருந்தால் ஏழு வருஷம் ஆகியிருக்காது.

பதிமூன்றாவது ஊர் அண்ணன் இருக்கிற ஊர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழைய குடியிருப்பின் மூன்று மாடியையும் படியேறியே போனாள். அவர் பராமரிக்கும் லிஃப்டில் ஏறக் கூச்சமாக இருந்தது. கதவுக்கு உள்ளே ஒரே ஒரு ஆள் புழங்கும் சத்தம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குழாய். தட்டலாம் என்று கை போனது. உள்ளே செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில், கூடப் பிறந்தவன் வீட்டு வாசலில், அடுத்த வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைபோல் நடுங்கினாள். பையில் இருந்த நாடக நோட்டீஸ் ஒன்றைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டாள். 'ஒரு அண்ணன், ஒரு தங்கை, ஒரு கதவு. மீதியை நீங்கள் சொல்லுங்கள். மாலை நான்கு மணி. அனுமதி இலவசம்.' அவ்வளவுதான் அதில் இருந்தது.

நாலு மணிக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். அவளுக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்தார். பிடரியில் முடி முழுக்க வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. மனிதர்கள் வயசாவதை நாம் பார்க்காமலே விட்டுவிட்டால் அது மொத்தமாக ஒரே நாளில் வந்து முகத்தில் அறைகிறது.

விளக்கு அணைந்து நாடகம் தொடங்கியது. மேடைத் தங்கை பெட்டியோடு வாசலில் நின்றாள். "ஒளிச்சு வெச்சீங்க" என்றாள். மேடை அண்ணன் முதுகைக் காட்டித் திரும்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது, மூன்று வரிசை முன்னால் அந்த வெளுத்த தலை ஒருமுறை ஆடி நின்றது. தெரிந்துவிட்டது. இது யார் வீட்டுக் கதவு என்று இந்த ஐநூறு பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"நிறுத்து" என்று வந்தார் கண்டக்டர். "தங்கச்சி வேற என்ன செஞ்சிருக்கலாம்?"

ஒன்று, இரண்டு, மூன்று. இன்று தூக்க வேண்டாம் என்று நினைத்தாள். ஏழில் நாற்காலி கிறீச்சிட்டது. எட்டில் யாரோ இருமினார்கள். ஒன்பதில் கை தானாக எழுந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், மனசைக் கேட்டுக்கொண்டா செய்யும்?

"சொல்லுங்கம்மா."

"வந்து... தங்கச்சி அண்ணன் கால்ல விழுந்துடணும்" என்றாள். வழக்கமான இடத்தில் வழக்கமான நடுக்கம் வந்தது. "அவ்வளவுதான். பொறந்தவன் கால்ல விழறதுல என்ன குறைச்சல்?"

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது. கொதித்து எழ வேண்டியவர்கள் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார்.

"நான் அண்ணனா வரேன்" என்றார்.

கண்டக்டருக்கு வாயெல்லாம் பல். முதல் கைக்கே மேடைக்கு ஆள் ஏறிவிட்டார். நடிகரை ஒதுக்கி, ஸ்க்ரூடிரைவரை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் மேடைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "இன்னிக்கு இது வேணாம்."

மேடைத் தங்கை தன் வசனத்தைச் சொன்னாள். "அம்மாவை ஒளிச்சு வெச்சீங்க."

"ஆமா" என்றார் அண்ணன்.

பன்னிரண்டு ஊரில் ஒருவரும் சொல்லாத பதில் அது. அண்ணன் நடிகையைப் பார்க்கவே இல்லை. விளக்கு கண்ணைக் குத்த, இருட்டாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார்.

"வேணும்னுதான் சொல்லாம விட்டேன். அம்மா தினமும் காலையில கண்ணு முழிச்சதும் 'அவ வந்தாளா'ன்னுதான் கேப்பாங்க. கழுவித் தொடச்சு ஊட்டிவிட்டது நான். கேக்கறது அவளை. சரி, ஒரு நாளாவது என்னைப் பாத்து 'நீ சாப்பிட்டியா'ன்னு கேக்கட்டும், அன்னிக்கு உனக்குப் போன் பண்ணி வரச் சொல்லலாம்னு இருந்தேன்." கை தாழ்ப்பாள் பக்கம் போய்த் திரும்பியது. "கேக்கவே இல்ல. நானும் சொல்லவே இல்ல. நீ அன்னிக்குச் சொன்னது நிஜம். அதான் எனக்குப் பதில் வரல."

ஐந்தாவது வரிசையில் அவளுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும், நியாயமாக வர வேண்டும். வந்தது வேறு ஒன்று. மூன்று வருஷம் ஒரு மனிதன் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறான். அந்தக் கேள்வியைப் போனில் இவளாவது கேட்டிருக்கலாம். அம்மா எப்படி, அம்மாவுக்கு மருந்து உண்டா, அம்மா தூங்கினாளா. அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்து" என்றார் கண்டக்டர், குரல் தாழ்ந்து. "சார், நீங்க அங்கயே நில்லுங்க. அண்ணன் இப்படி ஒத்துக்கிட்டா, தங்கச்சி என்ன செய்யணும்? யாராவது தங்கச்சியா வாங்க."

அவள் எண்ணவில்லை. பாதி தூக்கி இறக்கவில்லை. கை நேராக, முழுசாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மேலே போனது. சுற்றிலும் ஏழெட்டுக் கைகள் எழுந்தன. கண்டக்டரின் பார்வை அவள் மேல் பட்டது. காதைத் தொட்டார்.

அவள் கையை இறக்கவில்லை. பாதி எழுந்தே நின்றாள். அவர் முகம் சுளித்தது. இன்று இவளுக்கு என்ன வந்தது, இத்தனை நல்ல கைகள் இருக்கும்போது? மறுபடியும், இந்த முறை அழுத்தமாக, காதைத் தொட்டார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உடம்பு உட்கார்ந்துவிட்டது. பதினோரு வருஷம் ஒரு சைகைக்குப் பழகிய உடம்பு, இவள் தடுப்பதற்குள் கீழ்ப்படிந்துவிட்டது. அதற்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

கண்டக்டர் கூப்பிட்டது ஒரு நர்ஸை. டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடு நேராக வந்திருந்த பெண்மணி, விறுவிறுவென்று மேடையேறினாள். மேடையில் அண்ணன் கண்ணுக்கு மேல் கையை மறைப்பாகப் பிடித்து, இருட்டிலிருந்து வருவது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸைக் கண்டதும் அந்தக் கை மெதுவாக இறங்கியது.

"மூணு வருஷம் பாத்தீங்க, பெரிய விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லல" என்றாள் நர்ஸ். "அதுக்காக ஒரு பொண்ணுகிட்ட இருந்து அவ தாயைத் திருடலாமா? போன உயிர் வருமா? இப்ப வந்து சொன்னா ஆச்சா?"

சபை கைதட்டியது. அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

"சரிதாம்மா" என்றார் அண்ணன். பக்கவாட்டுப் படியில் இறங்கி, நாற்காலியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே போய்விட்டார்.

சுழி அக்கா ஆட்களின் காலை மிதித்து, திட்டு வாங்கி, காய்கறிப் பையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஆனால் வரிசை நீளம், கதவு தூரம். வெளியே வந்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. நல்லவேளை, அண்ணனின் ஸ்கூட்டரை மறித்து யாரோ ஒரு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அவர் அதை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

அவர் ஆச்சரியப்படவில்லை. "வா பாப்பா" என்றார். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிடும் ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். "உள்ள இருக்கேன்னு தெரியும். குரல் கேட்டுச்சு. அதுக்குத்தான் மேல ஏறினேன். இல்லன்னா எனக்கு என்ன மேடை ஆசையா? லிஃப்ட்டுல நாலு பேர் சேந்தாப்ல ஏறினாலே எனக்கு வேர்க்கும்."

"குரல் கேட்டா...?"

"கால்ல விழணும்னு அத்தனை பேர் முன்னாடி நீ சொல்ற. தப்புப் பண்ணினவன் நான். நான் கம்முனு உக்காந்திருந்தா மனுஷனா?" வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "அதான் போய்ச் சொன்னேன். நீ வருவேன்னு பாத்தேன். வரல. பரவால்ல, அந்த நர்ஸம்மா சொன்னதும் நியாயம்தான்."

"நான் கை தூக்கினேண்ணா! எழுந்துகூட நின்னேன். அவர்தான் என்னைக் கூப்பிடல."

"கண்ணுல லைட்டு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். நம்பாத குரலும் இல்லை, நம்பிய குரலும் இல்லை.

நாடகம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. நடுவில் கண்டக்டர், சுற்றி ஒரு இருபது பேர், அந்த நர்ஸும் இருந்தாள். சுழி அக்கா ஓடிப்போய் வழியை மறித்தாள். "சார், இவர் மேல நிக்கும்போது நான் கை தூக்கினேனா இல்லையா? நீங்க பாத்தீங்கல்ல? இவருக்குச் சொல்லுங்க சார்."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். மருந்துக்கடை வாசலில் பார்த்த அதே பார்வை. "மன்னிக்கணும்மா" என்றார் மிகவும் மரியாதையாக. "நிறைய கை இருந்துச்சு. இருட்டுல கவனிக்கல."

அண்ணன் தலையை ஆட்டி, ஹெல்மெட்டை மாட்டப் போனார்.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால், காலில் விழத் தயாராக இருந்த தங்கை என்ற பெயர் மிஞ்சும். ஆனால் கூப்பிட்டபோது மேலே வராதவளாகவும் ஆவாள். வாயைத் திறந்தால் இரண்டாவது கை நிரூபணம் ஆகும், முதல் கை போகும். ஒருவேளை பிழைப்பும் போகும். ஒரு பொய்யின் மேல் அண்ணனை நிற்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு பேர் வீட்டிலும் பொய் ஏற்கனவே போதுமான அளவு இருந்தது.

"நான் இவங்க ஆளு" என்றாள் சத்தமாக. "பதினோரு வருஷமா இவங்க ஆளு. முதல் கை தூக்கறது என் வேலை. அதனாலதான் ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டாங்க. சொல்லுங்க கண்டக்டர்!"

கூட்டம் அப்படியே நின்றது. "அடக் கடவுளே, அப்ப நீங்க சொன்னது நடிப்பா?" என்றாள் நர்ஸ். "நான் வேற உங்க மேல கோவப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்!" யாரோ சிரித்தார்கள். யாரோ, "எல்லாமே செட்டப்புதானா?" என்றார்கள். கண்டக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அண்ணனிடம், "ஆமா சார். தூக்கினாங்க. எழுந்தும் நின்னாங்க. நான்தான் உக்காரச் சொன்னேன். எனக்குத் தெரியாது சார், நீங்க..." என்றவர் முடிக்க முடியாமல், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் ஸ்கூட்டரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கால்ல விழணும்னு சொன்னது?"

"எழுதிக் குடுத்ததுண்ணா."

"எல்லா ஊர்லயும் அதேதானா?"

"பதிமூணு ஊர்ல."

"இதே குரல்லயா? அந்த நடுக்கம் எல்லாம்?"

"ஆமாண்ணா."

அவர் கைகள் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. கழற்ற அங்கே ஒன்றும் இல்லை.

"சரி" என்றார். "ரெண்டாவது தடவை கூப்பிட்டிருந்தாங்கன்னு வெச்சுக்கோ. மேல வந்து என்ன சொல்லியிருப்பே?"

இதற்காகத்தான் ஓடி வந்தாள். இதற்காகத்தான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "'சாப்பிட்டீங்களாண்ணா'ன்னு கேட்டிருப்பேன்" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குக் கேட்டுவிட்டது. முதல் வார்த்தை தொண்டையில் சிக்கியது. நடுவில் அந்தச் சின்ன நடுக்கம், சரியாக அதே இடத்தில். முன்பின் தெரியாதவர்கள் நம்ப வேண்டும் என்று பதினோரு வருஷம் தீட்டித் தீட்டி வைத்த குரல். வேறு குரல் எதுவும் அவளிடம் மிச்சம் இல்லை.

அண்ணனின் கண் நிறைந்துவிட்டது. முகம் ஒரு கணம் இளகியது. பிறகு, பழுதான மோட்டாரைக் காது கொடுத்துக் கேட்கிறவர்போல் தலையைச் சற்றுச் சாய்த்து அவளைப் பார்த்தார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"இதுவும் எழுதிக் குடுத்ததா பாப்பா?"

"இல்லண்ணா" என்றாள். அதுவும் அதே குரலில்தான் வந்தது. அவர் பதிலுக்குத் தலையசைத்தார், நம்பிய தலையசைப்பா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, கூட்டத்துக்கு வழி விட்டு மெதுவாக ஓட்டிப் போனார்.